கால் வைக்க முடியாத துணி

ஜனார்த்தன் சுவிஸில், பேர்ன் நகரில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்தான். பள்ளிக்கூடக் காலத்துப் பனி முகாமில் அவனுக்கு, காலில் பலகை பூட்டிப் பனியில் சறுக்கும் ஸ்கீப் பைத்தியம் பிடித்தது. கடையில் வாங்கியதில் மனம் நிறையாமல், பூம்ப்ளிஸ் பகுதியில் நாலைந்து பேராக வாடகைக்கு எடுத்த பட்டறையில் தானே மரம் சீவி, கண்ணாடி நார் வைத்து, றெசின் என்ற பசையைப் பூசி, அழுத்தி ஸ்கீ செய்து எடுக்கப் பழகியிருந்தான். 2014 இலையுதிர் காலத்தில், கர்ப்பமாயிருந்த மனைவி ஹரிஷாவுக்கென்று ஒரு சோடி தொடங்கினான். பிள்ளை பிறந்த பிறகு வரும் பனிக்காலத்தில் அவள் காலில் அதுதான் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டான்.

நவம்பரில், ஏழாம் மாதத்தில், வயிற்றுக்குள்ளேயே பிள்ளையின் துடிப்பு நின்றுபோனது. பெண்பிள்ளை. ஹரிஷா அதைப் பெற்றுத்தான் எடுக்கவேண்டியிருந்தது. ஜனார்த்தன் ஒரேயொரு தடவை கையில் வாங்கிப் பார்த்தான். பாரமே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு இருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஸ்கீயின் மேல்தாளுக்கான மாதிரிகளைச் சமையலறை மேசையில் பரப்பினான். அவளோடு கதைக்க அவனுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

"இது நைலோன். லேசில கீறல் விழாது. இது வால்நட் மரத்தைத் தாள் மாதிரிச் சீவினது. நல்ல வடிவு, ஆனா ஓரம் உடையும். நீர் சொல்லும், எது வேணும்?"

ஹரிஷா எழுந்து அறைக்குள் போய் ஒரு துணியோடு வந்தாள். வெள்ளைப் பருத்தியில் சின்னச் சின்ன மஞ்சள் வாத்துகள். தொட்டில் விரிப்புத் தைக்கவென்று வாங்கி வைத்திருந்தது.

"இதை ஒட்டேலுமோ?"

அவன் மாதிரிகளை ஒதுக்கி வைத்தான். "துணியும் ஒட்டலாம். ஆனா வெள்ளை நிக்காது. றெசின் குடிச்சா நனைஞ்ச கடதாசி மாதிரிக் கீழ இருக்கிற மரம் தெரியும்."

"கீழ இன்னொரு வெள்ளைத் துணியை வையுங்கோவன்."

அவள் சொன்னது சரிதான். அவனைத் தடுத்தது வேறு.

"அதுக்கு மேலதானே நீர் ஏறி நிக்கவேணும். பிள்ளையின்ர துணியில சப்பாத்துக் காலோட..."

"வேற எங்க நான் அவளைக் கூட்டிக்கொண்டு போறது?" என்றாள் ஹரிஷா.

அவன் கை நீட்டினான். துணியை வாங்கிக்கொண்டான்.

பட்டறையில் துணியை இரண்டு நீளத் துண்டாக வெட்டினான். ஸ்கீயில் ஒட்டுவதற்கு முன்னால், மேசையில் விரித்து, அடியில் வெள்ளைத் துணி வைத்து, றெசின் பூசி இறுகவிடுவது முறை. துணியை அயர்ன் பண்ணி, நாலு பக்கமும் இழுத்து ஒட்டாவிட்டால் சுருங்கிப்போகும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அன்று அவன் அயர்ன் பண்ணவும் இல்லை, இழுத்து ஒட்டவும் இல்லை. றெசினை ஊற்றினான். வாத்துகள் மடிப்புக்குள் நசுங்கின. கை வைத்துச் சரிபண்ண நேரம் இருந்தது. பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, வால்நட் மரத்தாள் ஒட்டிய ஸ்கீ சோடியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். மினுங்கி மினுங்கி, அவன் செய்ததிலேயே ஆக வடிவானதாக இருந்தது. ஹரிஷா அதைத் தொடவில்லை.

"துணி எங்க?"

"பிழைச்சுப்போச்சு. சுருங்கிப் பழுதாப்போச்சு."

"எல்லாமோ?"

"ஓம்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "உண்மையாப் பிழைச்சதோ? இல்லாட்டி வேணுமெண்டே பிழைக்க விட்டனீங்களோ?"

அவன் ஸ்கீயைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்தான். அவள் மறுபடி கேட்கவில்லை.

சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. இரண்டு வருடம் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்தார்கள். பிறகு ஹரிஷாவுக்கு நொஷாட்டல் நகரில் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. முதலில் கிழமைக்கு ஒருதரம் வந்தாள்; பிறகு மாதத்துக்கு ஒருதரம்; பிறகு வரவேயில்லை. பட்டறையில் வேறு ஆட்கள் ஸ்கீ செய்ய உதவி கேட்டால் ஜனார்த்தன் செய்துகொடுப்பான். துணி ஒட்டச் சொன்னால் மட்டும் தனக்கு அது தெரியாது என்று சொல்லிவிடுவான்.

2018 மார்கழியில் ஒருநாள் மத்தியானம், வேலை இடைவேளையில் அவளுக்கு ஃபோன் எடுத்தான்.

"ஹரிஷா, அந்தத் துணி... நான்தான் வேணுமெண்டு பிழைக்க விட்டனான்."

அந்தப் பக்கம் தெருவில் வாகனங்கள் போகும் சத்தம் கேட்டது.

"அண்டைக்கே தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"என்னால அதில ஏறி நிக்கேலாது. நீர் நிக்கிறதைப் பாக்கவும் ஏலாது."

"அதை அப்பவே சொல்லியிருந்தா, ரெண்டுபேருமா இருந்து அழுதிருக்கலாம்."

"இப்ப நான் வரட்டோ?"

"இப்ப வேண்டாம்," என்றாள். குரலில் கோபமே இல்லை. "சாப்பிட்டீங்களோ?"

"ஓம்" என்று பொய் சொன்னான்.

"சரி. பஸ் வந்திட்டுது, வைக்கிறன்."