பாட்டில் மாட்டின் வாய்

மாட்டின் நாக்கை இடது கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கடைவாய் வரை விடுகிறார் ரஞ்சிதம். மாடு திமிறுகிறது. "இர்றீ, ஒன்ன இன்னா அடிக்கவா போறேன்? துன்னத காட்டு." எச்சில் வழிய ஒரு சிப்ஸ் பாக்கெட் வெளியே வருகிறது. மேய்ந்து திரும்பும் செவலைக்குத் தினமும் இந்தப் பரிசோதனை உண்டு. அது முடிந்த பிறகுதான் தண்ணீர்.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில், ஜீப் நிற்கிற திருப்பத்துக்கு எதிரே அவர் வீடு. சாமை விதைக்க ஒரு துண்டு நிலம், புளியமரம், செவலை, அவ்வளவுதான். ஆள் ஒல்லி, குரல் அடுத்த மேட்டுக்குக் கேட்கும். மாட்டோடு பேசும்போது சிரிப்பார். மனிதர்களோடு பேசுவதென்றால் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

இதற்கு முன்பிருந்த மாடு வயிறு உப்பிச் செத்துப்போனது. மாட்டு டாக்டர் அறுத்துப் பார்த்தபோது பிளாஸ்டிக் கவர்கள் பந்தாகச் சுருண்டு கிடந்தன. செவலை இப்போது நிறைசினை. "இதுவும் பூட்டா எனக்குன்னு இன்னாங்க கீது?" என்கிறார்.

அவர் வீட்டெதிரில்தான், எந்தப் புண்ணியவானின் யோசனையோ, காலி பாட்டில்களைக் கம்பியில் கோத்து, கூரை உயரத்துக்கு ஒரு காட்டுமாட்டை நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு மலையைச் சுத்தமாக வைத்திருக்கும் பாடமாம்! வாயைப் பிளந்து நிற்கிறது. கழுத்தில் ஒரு பலகை: 'பசிக்கிறது, எனக்குப் பிளாஸ்டிக் ஊட்டுங்கள்.' மாட்டு வாயில் பிளாஸ்டிக்கைத் திணிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு சிலையா ஐயா? எனக்கு வயிறு எரிகிறது.

ஊட்டத்தான் ஊட்டுகிறார்கள். வாய்க்குள் போகாத பிரியாணிக் கவரெல்லாம் பறந்து வந்து ரஞ்சிதத்தின் வேலியில் சிக்குகிறது. போன ஞாயிறு ஒரு குழந்தை செவலையின் வாய்க்கே கவரை நீட்டியது. "பெரிய மாட்டுக்குக் குடுத்தல்ல, சின்ன மாட்டுக்கும் குடு கண்ணா" என்று போனில் படமெடுத்தபடி அம்மாவின் உற்சாகம் வேறு. ரஞ்சிதம் போட்ட கூச்சலில் கார் கிளம்பிவிட்டது.

சிலையைப் பராமரிக்கும் குணசீலனிடம் ரஞ்சிதம் முறையிட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"இத்தோட வாய அடைச்சுடுங்க சார். புள்ளைங்க பாத்துட்டு என் மாட்டுக்கும் ஊட்டுதுங்க."

"ஒன் மாட்டுக்கு ஒரு வாய்க்கூடு போட்டு வுடேம்மா. களத்துல போடுவீங்கல்ல?" என்று சிரித்தார் குணசீலன்.

சாமைத் தாள் மிதிக்கும் மாடு கதிரில் வாய் வைக்காமலிருக்க முகத்தில் மாட்டும் கயிற்றுக் கூட்டைச் சொல்கிறார். மேய்கிற மாட்டுக்கு, அதுவும் நிறைசினை மாட்டுக்கு, வாய்க்கூடு! என்ன நெஞ்சழுத்தம்! நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ரஞ்சிதம் வெற்றிலையைக்கூடத் துப்பவில்லை. "சரிங்க சார், போட்டுடறேன்" என்று நடந்துவிட்டார்.

மறுநாள் போனேன். வாசலில் உட்கார்ந்து பழைய கிணற்றுக் கயிற்றைப் பின்னிக்கொண்டிருந்தார். கூடு பெரிதாகிக்கொண்டே போனது.

"செவலைக்கு எதுக்கும்மா இவ்ளோ பெருசு?"

"கம்முனு பாருங்க."

புளி உலுக்கும் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார். அண்ணாந்து பார்த்த சுற்றுலாக்காரர்களை விலகச் சொல்லிவிட்டு ஏறினார். பாட்டில் மாட்டின் பிளந்த வாயில் கூட்டை மாட்டி, கயிற்றைக் கொம்புக்குப் பின்னால் கொண்டுபோய், பல்லைக் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார்.