பானெட்டில் ஒட்டிய போஸ்டர்

என் கணவர் எங்கள் காரின் பானெட்டில் முகம் பார்த்துத்தான் தலை சீவுவார். அப்படிப் பளபளப்பாக வைத்திருந்தார். கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்த இடங்களைக்கூட ஈர்க்குச்சியால் பெயிண்ட் தொட்டு வைத்து அடைத்திருந்தார்.

போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். சொந்தக்காரர்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றை மைதாப் பசை தடவி அந்த பானெட்டிலேயே ஒட்டிவிட்டார்கள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகைகூட வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், ஆனையூர் வெயிலில் காய்ந்து முறுகிக் கிடந்த அந்தப் போஸ்டரைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தேன். பெயர், தேதி, முகம் எல்லாம் போயின. அவர் அடைத்து வைத்த புள்ளிகளும் பெயர்ந்து வந்தன. எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை.

கொழுந்தன்தான் வந்து கையைப் பிடித்தார். "மதினி, போதும். தகரம் தெரியுது."

சிம்மக்கல் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனோம். பெயிண்டர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஈரத்துணியைப் போட்டு அரை மணி நேரம் விட்டிருந்தா அதுவா உரிஞ்சு வந்திருக்கும்க்கா. இம்புட்டுத் தேச்சிருக்கீங்களே!"

புதிதாகப் பெயிண்ட் அடித்து, பாலிஷ் போட்டுக் கொடுத்தார். இப்போது பானெட் மட்டும் மின்னுகிறது. அதில் முகம் பார்க்கத்தான் ஆளில்லை.

இப்போதெல்லாம் துக்க வீட்டுக்குப் போனால், போஸ்டரோடு நிற்பவர்களிடம் முதலில் போய்விடுகிறேன். "கார்க் கண்ணாடியில ஒட்டுங்கப்பா. பெயிண்ட்ல ஒட்டுனா, அந்த வீட்டுப் பொம்பளதான் அவரு மொகத்தைச் சுரண்டணும்."

சாவு வீட்டில் பேசுகிற பேச்சா என்று பார்க்கிறார்கள். சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.