தமிழில் எழுதிய பட்டியல்

ரேடியேட்டரின் மேல் வைத்த மன்டரின் ஆரஞ்சுத் தோல் சூடேறி ஓரம் கருகத் தொடங்கும்போது ஒரு மணம் வரும். பாதி இனிப்பும் பாதி கசப்புமான அந்த மணத்தோடுதான் சுவிட்சர்லாந்தின் சோலோதுர்னில் நான் படித்த சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எனக்கு இன்றும் ஞாபகம் வருகிறது. நனைந்த ஜாக்கெட்டுகள் கதவோரம் தொங்க, பன்னிரண்டு வயதுக்காரர்களாகிய நாங்கள் ஏழு பேரும் "கொப்பி"க்குள் தலையைப் புதைத்துக்கொண்டு கட்டுரை எழுதுவதாகப் பாவனை செய்வோம். என் வாழ்நாளில் நான் தமிழில் எழுதியவற்றுள் அதிகம் பேர் வாசித்த ஒன்றை அந்த அறையில்தான் எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அதற்கு முந்திய வசந்தத்தில் எங்களுக்கு அமெரிக்கன் ஃபுட்போல் பித்துப் பிடித்திருந்தது. ஊரே உருண்டைப் பந்தின் பின்னால் ஓட, முட்டை வடிவப் பந்தைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் நாங்கள் மூவர்: நான், எங்களைவிட மூன்று வயது மூத்த, என் சித்தப்பாவின் மகன் துஷி அண்ணா, என்னோடு பள்ளியிலும் தமிழ் வகுப்பிலும் ஒன்றாகப் படித்த நிரோஜன். ஆண்டுக்கொரு முறை அங்கே "ட்ராஃப்ட்" என்று ஒரு வைபவம் நடக்கும். கல்லூரிகளில் ஆடி முடித்த பையன்களை அணிகள் மேடையில் பெயர் சொல்லி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக்குக்குத்தான் அதில் பெரிய போட்டி. அந்த வருடம் பெரிதாகப் பேசப்பட்ட குவாட்டர்பேக்குகள் நான்கு பேர். மறுநாள் பள்ளி விட்டு வந்து பதிவைப் பார்த்தோம். மூவர் சட்டென்று மேடையேறிவிட, நான்காமவன் மணிக்கணக்காக நாற்காலியிலேயே இருந்தான். பக்கத்தில் மஞ்சள் சட்டையில் அவனுடைய அம்மா, மகனின் முழங்காலில் கை வைத்தபடி. கமரா அவரை விட்டு விலகவே இல்லை.

"அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து இருக்கிறான், பார்!" என்று நான் சிரித்தேன். துஷி அண்ணாவும் சிரித்தார். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு ஆட்டக்காரனை எங்கள் ஆளாகத் தெரிவு செய்தபோது நான் முதலாவதாக எடுக்கப்பட்டவனைப் பிடித்துக்கொண்டேன். நிரோஜன் அந்தக் கடைசி ஆளைக் காட்டி, "எனக்கு இவன் காணும்" என்றான்.

எனக்கு ஆட்டத்தைவிடப் பிடித்தது நிபுணர்கள் எழுதிய மதிப்பீடுகள்தான். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் பலம், பலவீனம், எந்த இடத்தில் எடுக்கப்படுவான் என்று மூன்றே வரிகள். ஒரு மனிதனை மூன்று வரியில் முடித்துவிடலாம் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய வித்தையாகப் பட்டது.

அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் ஆறாம் வகுப்பு. ஆறாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்து மூன்று நிலைகளுக்கு அனுப்புவார்கள்; எங்கள் பெற்றோர் அவற்றை மேற்பிரிவு, நடுப்பிரிவு, அடிப்பிரிவு என்பார்கள். கோயிலிலும் கலியாண மண்டபத்திலும் "உங்கட பிள்ளைக்கு எது?" என்பதே கதை. அதுவும் ஒரு ட்ராஃப்ட்தானே என்று எனக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை ஏழு பேருக்கும் மதிப்பீடு எழுதினேன். முதலிடம் வெட்கமில்லாமல் எனக்கு. டொச், அதாவது ஜெர்மன், மட்டும் தெரிந்த பள்ளிக்கூடத்து ஆசிரியைக்கு விளங்கக்கூடாது என்று தமிழில் எழுதினேன். அதை என் கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

நிரோஜனுக்கு எழுதியது இது: "பலம்: கணக்கு. பலவீனம்: அம்மாவுக்கு டொச் தெரியாது, டீச்சர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவார். போகுமிடம்: அடிப்பிரிவு."

இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. பெற்றோர் சந்திப்புகளில் அவனேதான் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பான். அவன் மொழிபெயர்க்காமல் விட்டதற்கும் அவர் தலையாட்டுவார் என்று, வீடு திரும்பும் வழியில் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். சொல்லும்போது சிரிக்கவில்லை. நான் அதை எடுத்து ஏழு பிரதியாக "கொப்பி மெசினில்" அடித்து எல்லோருக்கும் கொடுத்தேன். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நிரோஜன் தன் பிரதியை மடித்துத் தமிழ்ப் புத்தகத்துக்குள் வைத்தான்.

ஒவ்வொரு சனி மாலையும் அவனுடைய அம்மா அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார் என்று எனக்குத் தெரியாது. மகனுடைய பாடங்களில் அவரால் பார்த்துத் திருத்த முடிந்தது அது ஒன்றுதான். டொச் தெரிந்தவர்களிடமிருந்து மறைப்பதற்காக நான் எழுதியதை, டொச் தெரியாத அந்த ஒருவர் எழுத்து விடாமல் வாசித்தார்.

அடுத்த வாரம்தான் பள்ளியில் எந்தப் பிரிவு என்று பேசும் சந்திப்பு. நாங்கள் அன்ரி என்று கூப்பிடும் நிரோஜனின் அம்மா போகவில்லை. உணவகச் சமையலறையில் வேலை செய்த அவனுடைய அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "அம்மாவுக்குத் தலையிடி" என்று மட்டும் நிரோஜன் சொன்னான். பத்திரம் வீட்டுக்கு வந்தது, அடிப்பிரிவு என்று. கையெழுத்தாகித் திரும்பிப் போனது. என்னுடைய புள்ளிகள் அவனுடையவற்றைவிட ஒன்றும் உயர்ந்தவையல்ல. ஆனால் என் அப்பா அரை மணி நேரம் ஆசிரியையோடு மல்லுக்கட்டி எனக்கு நடுப்பிரிவு வாங்கிக்கொண்டு வந்தார். அவனுக்காக மல்லுக்கட்ட ஒருவரும் இல்லாமல் செய்தது என் மூன்று வரி.

பட்டியல் கடைசியில் என் அம்மாவின் கைக்கும் வந்தது. அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "தமிழ் படிக்க விட்டது இதுக்கோ பிள்ளை? போ, போய் மன்னிப்புக் கேள்" என்றார்.

போனேன். அன்ரி கதவைத் திறந்தார். வழியெல்லாம் ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை அன்ரி, சும்மா வந்தனான்."

அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். பிறகு ஒரு கிளாஸில் ஆப்பிள் சாறு வார்த்துத் தந்து, "இருந்து குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன். கிளாஸை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் கேட்டதற்கு, "ஓம், கேட்டிட்டன்" என்று பொய் சொன்னேன்.

இப்போதும் வசந்தம் வந்தால் நாங்கள் மூவரும் துஷி அண்ணா வீட்டில் கூடுகிறோம். நிரோஜன் மின்சார வேலை பழகி, இன்று தன் பெயர் எழுதிய வேனில் வருகிறான். பேச்சு எப்படியும் அந்த வருடத்து நான்கு பேரிடம் போய் நிற்கும். என்னுடைய முதலாமவன் மூன்றே வருடத்தில் வேலையிழந்தான். கடைசியாக எடுக்கப்பட்டவன் கிண்ணத்தைத் தூக்கினான். "அந்த நிபுணர்மார் எல்லாம் இப்ப எங்கயாம்?" என்று துஷி அண்ணா ஒவ்வொரு முறையும் கேட்பார். நிரோஜனும் சிரிப்பான். நான் தேநீர் போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன். பட்டியலைப் பற்றி அவன் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவனுக்கு வேன் இருக்கிறது என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது.

தமிழ் வகுப்பு நடந்த அந்த அறை இப்போது பள்ளியின் களஞ்சிய அறை. மன்டரின் தோல் காயவைக்க அங்கே யாரும் இல்லை. போன மாதம் அம்மாவோடு கடைக்குப் போனபோது அன்ரியைக் கண்டேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். நான் பழச்சாறு குடித்துவிட்டு வந்ததை அடுத்து வந்த வசந்தத்தில் அவர் டொச் வகுப்பில் சேர்ந்திருந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரியவந்தது. "எப்பிடி இருக்கிறியள் அன்ரி?" என்று கேட்டேன். பின்னால் நின்ற என் அம்மாவோடு தமிழில் வாயாரக் கதைத்து முடித்தவர், என் பக்கம் திரும்பி, தன் கைவலி, வேலை நேரம், இந்த வருடத்துக் குளிர் எல்லாவற்றையும் நிதானமாக, ஒரு பிழையில்லாமல், டொச்சில் சொன்னார். பல வருடங்களாக என்னோடு மட்டும் அப்படித்தான்.

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.