உஷ் அக்காவின் கோடைக் கதை நேரம்

அந்த ஊர் நூலகருக்கு நல்லதாக ஒரு பெயர் இருக்கிறது. அடையாள அட்டையில்கூட அதைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் கடைத்தெருவில் யாரையாவது நிறுத்தி அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். 'உஷ் அக்கா' என்று சொன்னால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நூலக வாசலில் விட்டுவிடுவார்கள். விட்டதும் நழுவிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தப் பட்டம் சும்மா வந்ததல்ல, பல வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்தது. வாசிப்பறையில் யாராவது லேசாகத் தொண்டையைச் செருமினால் போதும், புத்தக அடுக்குகளுக்குப் பின்னால் எங்கோ இருக்கும் அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிடும். முதலில் கண்ணாடி எட்டிப் பார்க்கும். அடுத்து விரல். அதற்கடுத்து 'உஷ்'. ஒருமுறை நகராட்சித் தலைவர் கைப்பேசியில் சத்தமாகப் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். 'உஷ்' விழுந்ததும் பேச்சைப் பாதியில் விழுங்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். என்ன வேலையாக வந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அக்காவின் இந்த அமைதிப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவள் வளர்ந்தது லேத் பட்டறையில். பட்டறைக்குப் பக்கத்து வீடு என்று நினைத்துவிடாதீர்கள், பட்டறைதான் வீடு. முன்பாதியில் அப்பா இரும்பைக் கடைந்துகொண்டிருப்பார். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. பின்பாதியில் அடுப்பும் பாயும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, விடிந்ததும் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது அப்பாதான். இரும்பு கீச்சிடுகிற சத்தத்தில் வாய்ப்பாடு படித்து, அதே சத்தத்தில் சாப்பிட்டு, அதே சத்தத்தில் தூங்கி வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக நூலக அறைக்குள் கால் வைத்தபோது, காதுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தே போனாள். ஒன்றும் ஆகவில்லை, அங்கே சத்தம் இல்லை, அவ்வளவுதான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், வேலை பார்த்தால் இப்படி ஓர் இடத்தில்தான் பார்ப்பது என்று.

கல்யாணம் மட்டும் கைமீறிப் போய்விட்டது. மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். தூக்கத்தில்கூட "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று சொல்லுகிற மனிதர். "உன்னோட உஷ் எல்லாத்தையும் லைப்ரரியிலயே செலவழிச்சிட்டு வந்துடு, வீட்டுக்கு மிச்சம் வைக்காத" என்று அவர் தினமும் காலையில் சொல்லி அனுப்புவார். அக்கா எப்படியும் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பாள்.

பருவத்துக்கு ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தபோது அக்கா அதைப் புத்தக அடுக்குக்குள் ஒளித்துவைக்கப் பார்த்தாள். நிகழ்ச்சி என்றால் மைக் இருக்கும், கைதட்டல் இருக்கும். மேலிடத்து உத்தரவைத் தட்டவும் முடியாது. நன்றாக யோசித்து, சத்தமே வராத நிகழ்ச்சிகளாகக் கண்டுபிடித்தாள். குளிர்காலத்துக்குப் போர்வை வாசிப்பு: வீட்டிலிருந்து போர்வையைக் கொண்டுவந்து போர்த்திக்கொண்டு, நூலகம் மூடும்வரை படிக்கலாம், பேசக் கூடாது. மழைக்காலத்துக்கு ஒதுங்கல் வாசிப்பு: மழைக்கு ஒதுங்குகிற யாராக இருந்தாலும் கையில் ஒரு புத்தகம் கிடைக்கும். முடிப்பதற்குள் மழை விட்டுவிட்டால், உறுப்பினராக இல்லாவிட்டாலும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

ஊரே இதில் விழுந்துவிட்டது. குடை இருப்பவர்கள்கூட அதை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்க வந்தார்கள். தெருமுனைக் காய்கறிக்காரம்மா ஒருநாள் வானத்தைப் பார்த்துத் திட்டினாள். "இந்த மழைக்குக் கொஞ்சமாவது விவஸ்தை இருக்கா? கொலைகாரன் யாருன்னு தெரியறதுக்குள்ள நின்னு போச்சு." அடுத்த நாள் அவள் வண்டியில் தராசுக்குப் பக்கத்திலேயே அந்தப் புத்தகம் விரிந்து கிடந்தது. வாடிக்கையாளர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கோடைதான் இடித்தது. கோடையென்றால் பிள்ளைகளுக்குக் கதை நேரம். கதையைச் சத்தமில்லாமல் எப்படிச் சொல்வது? பக்கத்து ஊரிலிருந்து ஒரு நாடக வாத்தியாரை வரவழைத்துவிட்டு, கதை முடியும்வரை பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இவ்வளவு கெடுபிடிக்கு நடுவில், வாசிப்பறைக்குத் தினமும் வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? கையாலேயே பேச ஆரம்பித்தார்கள். கண்ணைச் சுற்றி விரலால் வட்டம் போட்டால் அக்கா வருகிறாள் என்று அர்த்தம். நெற்றியைத் தட்டினால் குறுக்கெழுத்தில் மாட்டிக்கொண்டேன், யாராவது காப்பாற்றுங்கள். விளையாட்டுப் பக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறவரைப் பார்த்து, கோழி இறக்கையடிப்பதுபோல் முழங்கையை ஆட்டினால், அடைகாத்தது போதும், எழுந்திரு. இதற்கெல்லாம் சூத்திரதாரி சலூன்காரர். கடையில் வாய் ஓயாமல் பேசுகிறவர், இங்கே வந்தால் பத்து விரலும் ஓயாது. அவருக்குத் துணை தையல்கார அம்மா. இருவரும் வருஷக்கணக்காக ஊர்வம்பை இப்படித்தான் அலசிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கும் இது தெரியும். சத்தம் வரவில்லையே என்று விட்டுவைத்திருந்தாள். ஆனால் நாளாக ஆக, கைகளைப் பார்த்து மற்றவர்கள் களுக்கென்று சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு சத்தமல்லவா? அக்கா ஒரு பலகையை எடுத்து, 'கைச்சாடை கூடாது' என்று தன் கையாலேயே பெயின்ட் அடித்து மாட்டிவிட்டாள்.

இப்படிப்பட்ட ஒரு பலகையை மாட்ட உலகத்தில் வேறு எந்த நூலகருக்கும் தோன்றியிருக்காது.

அந்தச் சமயத்தில் அவள் மனசும் சரியில்லை. அம்மா போன பிறகு, பட்டறையை விற்றுவிட்டு அப்பா இவளோடு வந்து இருந்தார். ஆயுசு முழுக்க லேத்தோடு நின்றதில் அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. காதுக்கு வாங்கிக் கொடுத்த மெஷின் மேசை இழுப்பறையில் தூங்கியது. "அதுல எல்லாமே லேத் மாதிரிதான் கேக்குது" என்றார். கல்யாணம், காரியம், பக்கத்து வீடு, எங்கும் போவதில்லை. ஒரு காலத்தில் நக்கலும் நையாண்டியுமாகப் பட்டறையையே கலகலக்க வைத்த மனிதர், இப்போது சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் வற்புறுத்திக் கேட்டபோது சொன்னார். "எல்லாரும் சிரிக்கிறாங்க. என்னன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, விடுங்க'ங்கிறாங்க. நான் சும்மா அவங்க சிரிச்சு முடிச்சதும் சிரிச்சு வைக்கிறேன். எதுக்கும்மா அது?"

அக்கா சாயங்காலம் கண்டக்டரிடம் அழுதாள். "எங்கப்பா திரும்பச் சிரிச்சுப் பாக்கணுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

நூலகத்துக்குக் கூட்டிப் போகலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் அக்காவின் மனசில் ஒரு கள்ளம் இருந்தது. காது கேட்காததால் அப்பா பேசினால் தெருவுக்கே கேட்கும். வாசிப்பறையில் அந்தக் குரலை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. கூசுகிறதே என்று தன்மேலேயே வெறுப்பும் வந்தது. ஆனாலும் ஒரு நாளும் கூப்பிடவில்லை.

பலகை மாட்டிய அதே வாரம், மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். கண்ணாடி இல்லாவிட்டால் அக்காவுக்குப் புத்தகமும் செங்கல்லும் ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு திறந்தது.

"பாப்பா, கண்ணாடிய விட்டுட்டு வந்துட்டியே."

லேத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாசிப்பறையில் அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. பழக்க தோஷம், அக்காவின் விரல் தானாக உதட்டுக்குப் போய்விட்டது. அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார். அந்த விரலை ஒடித்துப் போட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று புத்தக அடுக்குகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சலூன்காரர் புதுப் பலகையை ஒருமுறை பார்த்தார். பெரியவரை ஒருமுறை பார்த்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துத் தட்டிக் காட்டினார். பெரியவர் தயங்கி நின்றார். சலூன்காரர் கண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, கைகளில் பிள்ளையை வைத்து ஆட்டுவதுபோல் ஆட்டி, புருவத்தை உயர்த்தினார். அக்காவோட அப்பாவா?

பெரியவர் தலையாட்டினார். தானும் கண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, முழங்காலுக்கருகே கையைத் தாழ்த்திக் காட்டினார். இத்தனூண்டு இருக்கும்போதிலிருந்து தெரியும்.

நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. சலூன்காரர் விடுவாரா? கடையில் அன்று காலை நடந்ததை ஆரம்பித்தார். பெரிய மீசைக்காரர் ஒருவர் சவரத்துக்கு உட்காருகிறார். தலை சாய்கிறது. குறட்டை, அதற்கு உதடு துடிக்கிறது. கத்தி மீசைக்கு ஓரமாகப் போகிறது. ஆள் திடுக்கிட்டு விழித்துத் தலையைத் திருப்புகிறார். சலூன்காரர் தன் மேலுதட்டில் ஒரு பாதியைக் கையால் மூடி, பேந்தப் பேந்த விழித்துக் காட்டினார்.

அடுக்குகளுக்குப் பின்னால் நின்ற அக்காவுக்கு ஒரு சிரிப்பு கேட்டது. வயிற்றிலிருந்து கிளம்பி, கூரையில் முட்டிவிட்டு வருகிற சிரிப்பு. அதை அவளுக்கு நன்றாகத் தெரியும், பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். எட்டிப் பார்த்தாள். அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு அல்ல, அவர்களோடு சேர்ந்து, சொல்லப்போனால் தையல்கார அம்மாவை முந்திக்கொண்டு.

அவள் நேராகப் போய்ப் பலகையைக் கழற்றினாள். அது இப்போது கொல்லைப்பக்கக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கப் பயன்படுகிறது.

அதன்பிறகு அப்பாவை வீட்டில் பிடிக்க முடியவில்லை. அக்காவுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். புதுப்புதுச் சாடைகளும் அவர் உபயத்தில் வந்தன. லேத்தைச் சுற்றுவதுபோல் கையைச் சுற்றினால், கண்டக்டர் மாப்பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டார், இனி நிற்காது என்று அர்த்தம்.

கோடை வந்தது. கதை நேரத்தன்று வாசிப்பறை முழுக்கப் பாய் விரித்து, பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர்கள் சுவரோரம், அவர்களோடு அப்பாவும், லீவு போட்டுவிட்டு வந்த கண்டக்டரும். அன்றைக்கென்று நாடக வாத்தியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. தொலைபேசியில் கரகரவென்று ஏதோ சத்தம் வந்தது, அதுதான் அவருடைய மன்னிப்பு. வேறு வழியில்லாமல் அக்காவே ஒரு புத்தகத்தை விரித்தாள். ஆனால் அவளுக்கு வாய்த்த குரல் வருஷக்கணக்காகக் கிசுகிசுத்தே தேய்ந்த குரல்.

"அக்கா, கேக்கல" என்றது கடைசி வரிசை.

"எங்களுக்கும் கேக்கல" என்றது இரண்டாம் வரிசை.

பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். ஒருத்தன் எழுந்து செருப்பைத் தேடினான். கேட்கவில்லை என்றால் எப்படி இருக்கும் என்று அங்கே நன்றாகத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் சுவரோரத்திலிருந்து எழுந்து வந்தார். மகளின் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாக வாங்கி மூடி வைத்தார்.

முதலில் கண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். பிள்ளைகள் உடனே அக்காவைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு கைகளில் ஒரு குழந்தையை ஏந்தினார். ஓ, அக்கா குழந்தையாக இருந்தபோது நடந்த கதை. குழந்தையைக் கீழே படுக்க வைத்துவிட்டு லேத்தை ஓட்டினார். உடம்பெல்லாம் குலுங்கியது. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டது. லேத்தை நிறுத்தினார், குழந்தை சிரித்தது. ஓட்டினார், வீறிட்டது. இரண்டையும் அவரே மாறி மாறி, வேகமாக, இன்னும் வேகமாக. செருப்பைத் தேடியவன் பாயில் உருண்டுகொண்டிருந்தான்.

அடுத்து, தலையணையைக் கிழித்துப் பஞ்சை எடுத்தார். குழந்தையின் ஒரு காதில் கொஞ்சம், இன்னொரு காதில் கொஞ்சம். குழந்தை தூங்கிவிட்டது. மிச்சப் பஞ்சைத் தன் காதுகளில் வைத்து அடைத்துக்கொண்டார். ஆஹா, என்ன சுகம். இடுப்பை ஆட்டிக்கொண்டே லேத்தை ஓட்டினார். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால், குழந்தை பசியில் கத்திக் கத்தி முகமெல்லாம் கோணிப்போயிருக்கிறது. இவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு ஓடிப்போய்த் தூக்கினார்.

பிறகு தன் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. குழந்தையின் காதிலிருந்ததை மட்டும் இன்னும் நன்றாக அமுக்கி வைத்தார். லேத்துக்குத் திரும்பினார். ஒரு கை இரும்பில், ஒரு காது குழந்தையின் பக்கம். அப்படியே கடைந்துகொண்டு நின்றார். முதுகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூனியது, கைகள் நடுங்க ஆரம்பித்தன, காது மட்டும் அந்தப் பக்கமே இருந்தது.

இந்தக் கதை அக்காவுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அழுகையும் கூடவே வந்துவிட்டது. இரண்டும் முட்டி மோதிக்கொண்டு, அந்த நூலகம் கட்டிய நாளிலிருந்து யாரும் போட்டிராத ஒரு பெரிய சத்தமாக வெளியே வந்தது. கண்டக்டரே ஆடிப்போய்விட்டார்.

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. மகளின் வாய் அகலத் திறந்திருப்பதைப் பார்த்தார். எவ்வளவு சத்தம் வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார், அசல் அக்காவைப்போல. விரலை உதட்டில் வைத்து, பட்டறைக் குரலில் சொன்னார்.

"உஷ்."

பாயிலிருந்த அத்தனை பிள்ளைகளும் அக்காவின் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்தார்கள். இத்தனை வருஷம் வாங்கியதையெல்லாம் ஒரே மூச்சில் திருப்பிக் கொடுத்தார்கள். அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.