ஹோட்டலுக்குள்ளால் போகும் பந்தயப் பாதை

போன கிழமை பின்லாந்திலிருந்து ஒருவர் எனக்குப் பிழை கண்டுபிடித்து எழுதியிருந்தார். நல்ல மனிதர்தான். 'அன்புள்ள நண்பரே' என்று தொடங்கியிருந்தார். நான் கட்டிய பந்தயப் பாதையைத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்தாராம். பனைமரங்கள் அழகாம். ஆனால் கடற்கரையிலிருந்து ஊருக்குள் திரும்பும் வளைவில் பெரிய தவறு இருக்கிறதாம். வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் அந்த இடத்தில் வீதியே இல்லை, ஒரு ஹோட்டலின் வரவேற்பு மண்டபமும் நீச்சல் தடாகமும்தான் இருக்கின்றன, தயவுசெய்து திருத்திவிடுங்கள் என்று சிவப்பு வட்டம் போட்ட படமும் அனுப்பியிருந்தார். இன்னொரு சந்தேகமும் கேட்டிருந்தார்: மணலில் குறுக்கே கிடக்கும் அந்தக் கறுப்புக் கோடு என்ன, அதில் சில்லுப் பட்டால் கார் ஏன் இழுபடுகிறது? கிழக்கிலங்கைக் கரையிலுள்ள எங்கள் கல்குடாவைக் கனவிலும் கண்டிராதவர் கல்குடாவில் வீதி இல்லை என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணி ஆறிப்போனது.

உங்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய கார் பந்தயக் கணினி விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதிலுள்ள கார்கள் இன்றைக்குப் பார்த்தால் சவர்க்காரக் கட்டிகள் மாதிரித் தெரியும். அதைச் செய்தவர்களே அதை மறந்திருப்பார்கள். ஆனால் உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் சில பைத்தியங்கள் அதை இன்னும் விடவில்லை. இடிக்கப்பட்ட, காடேறிய, மேலே வீடு முளைத்த பழைய பந்தயப் பாதைகளைப் பழைய படங்களைப் பார்த்து, மேடு பள்ளம் பிசகாமல் அதற்குள் கட்டுகிறார்கள். அந்தப் பைத்தியத்தின் கல்குடாக் கிளை நான். என் மனைவி தன் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னது காதில் விழுந்தது: "மோட்டர்சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்க மறக்கிற மனிசன், கம்பியூட்டருக்குள்ள றோட்டுப் போடுறாராம்கா!"

கணினி சூடேறும்போது ஒரு தூசி வாசம் வருமல்லவா? அது வந்தால் எனக்கு வாழைச்சேனைப் பாலத்தடி ஞாபகம் வந்துவிடும். சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் அங்கே ஒரு கணினி வகுப்பில் நான் தட்டச்சுச் சொல்லிக் கொடுத்தேன். வாவிக் காற்று யன்னலால் வந்து இயந்திரங்களுக்கெல்லாம் உப்பேற்றும். பழுதானதைக் கழற்றிப் பூட்டுகிறவன் நவாஸ், பக்கத்து முஸ்லிம் ஊரான ஓட்டமாவடிக்காரன், என் வயதுதான். யாரோ பிரதி பண்ணிக் கொடுத்த அந்த விளையாட்டை அவன்தான் கொண்டுவந்தான். பிள்ளைகள் போனதும் நாங்கள் இரண்டு பேரும் ஓட்டுவோம். நான் முதல் வளைவிலேயே புல்லுக்குள் போய்விடுவேன். ஒரு நாள் நவாஸ் சொன்னான்: "மச்சான், இதுக்குள்ள றோட்டுப் போடலாமாம். நம்மட சுத்தப் போடுவமா?"

நம்மட சுத்து என்றால் கல்குடாச் சுத்து. சித்திரை வருஷப்பிறப்பு கழிந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சைக்கிள் ஓட்டம். எங்கள் அப்பாமார் காலத்திலேயே ஓடியது, சண்டையில் நின்று, சமாதான காலத்தில் திரும்பத் தொடங்கியது. ரயில் நிலையத்து முன்றலில் புறப்பட்டு, பனைகளுக்கு நடுவே கிரவல் வீதியால் கடலுக்குப் போய், ஈர மணலில் ஓடி, பாசிக்குடாப் பக்கமாகக் கிறுகித் திரும்பி, ஒரு சின்ன வீதியால் மறுபடி ஊருக்குள் ஏறி, தண்டவாள ஓரமாகப் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். ஓட்டமாவடிக்கும் எங்களுக்கும் பேச்சு அறுந்திருந்த வருடத்திலும் நவாஸ் சைக்கிளோடு வந்து நின்றான். வரிசையில் தள்ளி நின்று இடம் விட்டார்கள்.

சைக்கிள் பாதையைக் கார் விளையாட்டில் கட்டுவதா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தச் சுத்தின் ஒரு வழக்கத்தைக் கேட்டால் சிரிப்பை நிறுத்திவிடுவீர்கள். நாங்கள் ஓடும் அதே காலையில் அதே மணலில் கரைவலை இழுபடும். ஓட்டத்துக்காக வலையை நிறுத்த மாட்டார்கள், வலைக்காக ஓட்டத்தையும் நிறுத்த மாட்டார்கள். வலைக் கயிறு கடலிலிருந்து மணலுக்குக் குறுக்கே இடுப்பளவில் விறைத்து நிற்கும். சைக்கிளைக் கண்டதும் இழுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் "கயிறோய்!" என்று கத்தியபடி அதை மணலோடு பதிப்பார்கள். நாங்கள் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும். சில்லுக் கயிற்றில் முட்டக் கூடாது. முட்டினால் கயிறு அதிருமாம், அதிர்ந்தால் வலையின் மடிக்குள் வந்த மீன் திரும்பிவிடுமாம். முட்டியவனுக்குத் தண்டனை, சைக்கிளைப் போட்டுவிட்டு, வலை கரையேறும்வரை அவர்களோடு நின்று இழுக்க வேண்டும்.

நான் ஓடிய ஓட்டங்களில் முடித்ததைவிட இழுத்ததுதான் அதிகம். அவசரத்தில் பின்சில்லை மறந்துவிடுவேன். வலைக்கு முன்கயிறு பிடிக்கிற சின்னத்தம்பி மாமா தூரத்தில் என்னைக் கண்டதுமே சொல்லுவார்: "நம்மட ஆள் வாறான், இடம் விடுங்க." முதலாவதாக வந்தவனுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். எனக்கு ஒரு பை நிறையச் சூடை மீன் கிடைத்தது. அம்மாவைக் கேட்டிருந்தால் எந்தப் பரிசு பெறுமதி என்று சொல்லியிருப்பா.

பிறகு ஒரு மார்கழிக் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. ஓட்டத்தைப் படமெடுத்தவரின் கடை படங்களோடு போனது. பிறகு சண்டை, பிறகு நவாஸ் கட்டாருக்கு, பிறகு உல்லாசப் பயணிகள், பிறகு ஹோட்டலின் மதில். நாங்கள் கிறுகி ஏறிய சின்ன வீதி மதிலுக்குள் போய்விட்டது. வலைக்காரர்கள் அந்த வழியைத் திறந்து விடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, இப்போது சுற்றுப் பாதையால் வலையைத் தோளில் சுமந்து போகிறார்கள். அந்தத் துண்டு மணலில் வலையும் இழுபடுவதில்லை, விருந்தினர் குளிக்கிற இடமாம்.

இத்தனை வருஷம் கழித்துப் பாதையைக் கட்டத் தொடங்கியபோது அந்த வளைவின் அகலத்தை அளக்க வேண்டியிருந்தது. அளவு நாடாவோடு ஹோட்டல் வாசலுக்குப் போனேன். காவலாளி, "உள்ள போகேலா அண்ணே, எங்களுக்குத்தான் ஏச்சு விழும்" என்றார். அவரில் பிழையில்லை. உள்ளேயிருந்து முகாமையாளர் வந்தார், மரியாதையான ஆள்தான். "சேர், இதுக்குள்ள றோட்டு இருந்ததெண்டு எங்கட ப்ளான்ல இல்லியே" என்றார்.

"உங்கட ப்ளான் வர முந்தி நான் இதால சைக்கிள்ல போயிருக்கன்" என்றேன்.

"ஆதாரம் ஏதும் இரிக்கா சேர்?"

முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது, காட்டவா என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். வாசலுக்கு வெளியே நின்று, மதிலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பகிரங்கமாக அளந்துகொண்டுதான் வந்தேன். காவலாளி நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துத் தந்தார்.

கட்டி முடித்து அந்தப் பைத்தியங்களின் இணையத்தளத்துக்கு அனுப்பினேன். அங்கே இரண்டு பகுதிகள், வரலாற்றுப் பாதைகள், கற்பனைப் பாதைகள். படம் இல்லையென்றால் வரலாறு இல்லை. என் கல்குடாச் சுத்தைக் கற்பனைப் பகுதியில், யாரோ நிலாவில் கட்டிய பாதைக்குப் பக்கத்தில் போட்டார்கள். கட்டாரிலிருந்து நவாஸ் சொன்னான்: "கோவிக்காத மச்சான். இப்ப இரிக்கிற மாதிரி மதிலை வெச்சு, றோட்டை அங்கால வளைச்சு உடு. செய்மதிப் படத்தோட பொருந்திரும். வரலாத்துல சேத்துருவானுகள்."

"மதிலை வெச்சா அது என்னத்துட வரலாறுடா?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன். ப்ளானில் இல்லை, செய்மதியில் இல்லை, படத்திலும் இல்லை. இந்த விளையாட்டிலும் நானே மதிலை எழுப்பினால் அந்த வீதி உலகத்தில் எங்கேயும் இல்லை. கொஞ்ச நாள் நாங்கள் பேசவில்லை. அந்தச் சுத்தைப் பற்றிப் பேச என்னை விட்டு அவனுக்கும், அவனை விட்டு எனக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவனே அழைப்பெடுத்தான். அன்று அவனுக்கு லீவு. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"உன்ட சுத்தை ஓட்டிப் பாத்தன் மச்சான்."

"மறுகா, என்ன நடந்த?"

"கயிறு கிடக்கிற இடத்துல நிப்பாட்டிட்டன். காரை அதுல ஏத்த மனம் வரல்ல. கீபோட்ல இரிந்து கையத் தூக்கிக்கிட்டு இரிக்கன், என்னத்துக்கு இரிக்கனெண்டு எனக்கே விளங்கல்ல." பிறகு சொன்னான்: "ஆரும் கத்தல்லியே மச்சான்."

வீதியைக் கட்டலாம், பனையைக் கட்டலாம், கயிற்றைக்கூடக் கறுப்புக் கோடாகக் கீறி, முட்டினால் காரை இழுக்க வைக்கலாம். அந்தக் குரலைப் போட அந்தப் பழைய விளையாட்டில் இடமில்லை. கத்தியவர்களில் பாதிப்பேர் கடலோடு போனார்கள், சின்னத்தம்பி மாமாவும் போனார். மிச்சப்பேர் மதிலைச் சுற்றி நடக்கிறார்கள்.

"மதிலை வைக்காத," என்றான் நவாஸ். "நிலாவுக்குப் பக்கத்துலயே கிடக்கட்டும்."

நேற்று பின்லாந்துக்காரருக்குப் பதில் எழுதினேன். அன்புள்ள நண்பரே, வீதி சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஹோட்டலைத்தான் பிழையான இடத்தில் கட்டியிருக்கிறார்கள். நான் திருத்த மாட்டேன். நீச்சல் தடாகத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம், வேகத்தைக் குறைக்காமல் நேரே வாருங்கள், அது எங்கள் வழி. கறுப்புக் கோடு வலைக் கயிறு. அதை மட்டும் மதியுங்கள், முட்டினால் இறங்கி இழுக்க வேண்டிவரும். முன்பு கிட்ட வரும்போதே கத்திச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். இப்போது இல்லை. அதனால் அந்த இடம் வந்ததும் நீங்களே ஒருதரம் 'கயிறோய்!' என்று கத்திவிடுங்கள்.