கணக்கில் வராத காதுகள்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குச் சோறு போடுகிறது. மதுரையில் ஆரப்பாளையம் பக்கம் ஒரு மாடி ஸ்டூடியோவில் வேலை. மாப்பிள்ளை கார் கதவைத் திறந்து இறங்கினால் சினிமாப் பாட்டு, பெண் தலை குனிந்து சிரித்தால் சினிமாப் பாட்டு. வருஷம் முழுக்க இதையே ஒட்டி வெட்டிக்கொண்டிருப்பவனுக்குச் சொந்தமாக ஒரு பாட்டுப் போட வேண்டும் என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நான் மூன்று பாட்டுப் போட்டேன். மூன்றையும் நான் கேட்டேன். எங்களுக்குள் சண்டை இல்லாத நாட்களில் என் அறைத் தோழன் கேட்டான். நான்காவதும் இப்படியே போனால் மைக்கை விற்றுவிட்டு வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த நான்காவது பாட்டு எங்கள் ஊர் மினி பஸ்ஸைப் பற்றியது. எழுமலைக்குப் பக்கத்தில் ஊர். பஸ் ஊர்ப் பொதுவிடமான மந்தை வரை வரும், எங்கள் தெருவுக்கு மட்டும் வராது. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். தெரு ஊரை விட்டுத் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முதலில் ரோடு சரியில்லை என்றார்கள். ரோடு போட்ட பிறகு வண்டி திருப்ப இடமில்லை என்றார்கள். வெயிலில் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கிற அந்த நடையைத்தான் பாட்டாக்கினேன். அழுகைப் பாட்டு இல்லை, டிரைவரை வம்புக்கு இழுக்கிற பாட்டு. 'வளைவத் தாண்டி வந்தா என்ன, வண்டி என்ன தேஞ்சா போகும்?' என்று ஆரம்பிக்கும்.

அறையில் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, கீழ் வீட்டு மிக்ஸி ஓய்கிற நேரம் பார்த்துப் பாடிப் பதிவு செய்தேன். நம்மைப் போன்றவர்கள் பாட்டை நேராக ஆப்களில் ஏற்ற முடியாது. நடுவில் ஒரு விநியோகக் கம்பெனி வேண்டும். எல்லாம் இணையத்திலேயே நடக்கும். அந்தக் கம்பெனியின் ஆபீஸ் எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஒரு மனிதக் குரலைக்கூட அங்கிருந்து கேட்டதில்லை. இது என்ன வகைப் பாட்டு என்று கேட்டார்கள். கொடுத்திருந்த வகைகளில் எங்கள் தெருவின் கொட்டுக்கு இடமில்லை. எழுமலையும் உலகத்துக்குள்தானே இருக்கிறது என்று 'உலக இசை'யைத் தட்டிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பாட்டு வெளியானது. லிங்கை முதலில் என் தாய்மாமன் மகனுக்கு அனுப்பினேன். எழுமலை பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கிறான். உடனே போன் வந்தது.

"மாப்ள, இது நம்ம தெருப் பாட்டு. நீ கவலய விடு. அம்புட்டுப் பேர் போன்லயும் நான் ஏத்திவிட்டுர்றேன்."

சொன்னபடி செய்தான். அடுத்த நாள் அம்மா காட்டிலிருந்தே கூப்பிட்டாள்.

"களை எடுக்கையில உன் பாட்டுதான்ப்பா ஓடுது. காட்டுக்காரரு வந்து ஆரு பாடுனதுன்னு கேட்டாரு. எம்மகன்தேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. போயிட்டாரு."

அவர் ஒன்றும் சொல்லாமல் போனதே அம்மாவுக்குப் பெரிய வெற்றியாக இருந்தது. எனக்கும்தான். ஸ்டூடியோவில் ஒரு கல்யாணத்தின் தாலி கட்டும் காட்சியை அப்படியே நிறுத்திவிட்டு, பாட்டு எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தேன். எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. முதலாளி திட்டினார், உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிற வழியில் கடையில் இறங்கினேன். சுவரோரமாக ஒரு பெஞ்சு. அதன் மேல் சத்துணவுக் கூடத்தில் தட்டுகளைப் பரப்பி வைத்ததுபோல் போன்கள். கண்ணாடி உடைந்தவை, ரப்பர் பேண்டு போட்டவை, ரிப்பேருக்கு வந்தவை. எல்லாவற்றுக்கும் சார்ஜர். எல்லாத் திரையிலும் என் பாட்டு.

"சத்தத்த அமத்திப் போட்டுருக்கேன் மாப்ள. முடிஞ்சா தானா மறுபடி ஆரம்பிச்சிரும். நெட்டு நம்ம கடை வைஃபை. வேலைக்குப் போறவுக காலைல குடுத்துட்டுப் போறாக, சாயந்தரம் வந்து வாங்கிக்கிறாக."

"எதுக்குடா இம்புட்டும்?"

"மொய்டா இது. ஒரு வீட்டுல விசேசம்னா எல்லாரும் செய்யுறதில்லயா? காசாச் செய்ய முடியாதவுக போனக் குடுத்துட்டுப் போறாக."

பஜாரில் நின்று அழக்கூடாது என்று டீ சொல்லப் போனேன். இதில் தப்பு இருக்கும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்தன் தலையெடுக்க இப்படித்தான் தோள் கொடுப்பார்கள்.

சில நாட்களில் விநியோகக் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. என் பாட்டுக்குச் செயற்கையான கேட்பு நடந்திருக்கிறதாம். உண்மையான ரசிகர்கள் கேட்டதாகத் தெரியவில்லையாம். அதனால் பாட்டை எல்லா ஆப்களிலிருந்தும் எடுத்துவிட்டார்களாம். என் கணக்கையே மூடியதால் பழைய மூன்று பாட்டுகளும் சேர்ந்து போய்விட்டன. லிங்கைத் தொட்டால் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் பக்கம் வந்தது.

எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று யோசித்தால் புரியத்தான் செய்கிறது. ஒரே இடம், ஒரே இணைப்பு, ஒரே பாட்டு, ஓயாமல் ஓடுகிறது. எந்திரம் பார்த்தால் எந்திரம் என்றுதான் நினைக்கும். பெஞ்சில் ஊமையாக ஓடியதைக் கழித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு ஏற்றிருப்பேன். களைக்கொத்தோடு குனிந்துகொண்டே கேட்டவர்களையும், வேலைக்குப் போகிற லோடு ஆட்டோவில் நின்றுகொண்டு கூடவே பாடியவர்களையும் சேர்த்து ஆள் இல்லை என்று எழுதினார்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பெரிய படத்தின் பாட்டை ஒரே நாளில் கோடிப் பேர் கேட்டார்கள் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டுகிறார்கள். அந்தக் கோடிப் பேரும் மனிதர்கள்தானா என்று எவனாவது கேட்டானா? எங்கள் தெருவைத்தான் சந்தேகப்படத் தோன்றும். பஸ்ஸுக்கு நாங்கள் பயணிகள் இல்லை, இப்போது பாட்டுக்கு ரசிகர்களும் இல்லை.

இவர்கள் நிஜமான மனிதர்கள், என் உறவுக்காரர்கள், நடந்தது இதுதான் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கி எழுதினேன். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. முடிவில் மாற்றம் இல்லை. இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊருக்குப் போனேன். மாமன் மகன் என் போனை வாங்கி எழுத்துக் கூட்டி மெயிலைப் படித்தான். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"ஆர்ட்டிஃபிசியல்னா நாமளா மாப்ள?"

அவன் முகம் செத்துப்போனது. "நாந்தேன் உன்னக் கெடுத்துட்டேன்" என்று முனகினான். இல்லை என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து தெரு திரும்பியிருந்தது. பாட்டு ஏன் வரவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒரே பாட்டை ஒரே இடத்தில் வைத்து ஓட்டியதால், கேட்டது மனிதர்கள் இல்லை, எந்திரம் என்று கம்பெனிக்காரன் நினைத்துவிட்டான் என்றேன். அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை.

"நான் காட்டுல வச்சுக் கேட்டேனேப்பா. என் காதால கேட்டேன். அதயுமா கழிச்சுட்டாக?"

"கழிச்சுட்டாகம்மா."

பிறகு அவளுக்கு ஒரு வழி தோன்றியது.

"நூறு நாள் வேலைல எங்கள நிக்க வச்சுப் போட்டோ எடுத்துத்தானே ஆள் வந்துருக்குன்னு அனுப்புறாக. அதே மாதிரி நீயும் எடுத்து அனுப்பு. நாங்க ஆளுகதேன்னு பாத்துக்கிறட்டும்."

நான் தடுப்பதற்குள் ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். வந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள், ஒருத்தர் ஓடிப்போய் முகம் கழுவிவிட்டு வந்தார். யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு போனைக் காதோடு வைத்துக்கொண்டு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மாமன் மகன் கடைசியில் தலையைக் குனிந்தபடி நின்றான். அம்மா அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

எடுத்தேன். ஓரத்தில் ஒருத்தர் விட்டுப்போனதால் பின்னால் நகர்ந்து இன்னொரு முறையும் எடுத்தேன்.

"எல்லாரும் தெரியுறமா?" என்றாள் அம்மா.

"தெரியுறீகம்மா."

"அப்ப அனுப்பிரு."

போனைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ தட்டுவதுபோல் தட்டினேன். அனுப்பிவிட்டேன் என்றேன். படத்தில் ஒவ்வொரு முகமும் தெளிவாக இருந்தது. அதை வாங்கிக்கொள்ளத்தான் எங்கேயும் ஆள் இல்லை.