விசில் அடிக்காத குக்கர்

தொண்ணூறுகளின் ஒரு சித்திரை. திருச்சியிலிருந்து வந்து, மயிலாப்பூரில் அப்பாவின் நண்பர் வீட்டில் தங்கியிருக்கிறேன். பேராசிரியர் மாமா புதிதாக ஒரு சோலார் குக்கர் வாங்கி மொட்டை மாடியில் வைத்திருக்கிறார். கறுப்புப் பெட்டி, கண்ணாடி மூடி.

"உலகம் சூடாயிண்டே போறது. இனிமே கரி, காஸ் எல்லாத்தையும் விட்டுட்டு சூரியன்கிட்டதான் போயாகணும்" என்கிறார்.

காலையில் வைத்த அரிசி மத்தியானமாகியும் வேகவில்லை. காரணம் மாமி. வடாம் திருப்பிப் போட வரும்போதெல்லாம் மூடியைத் திறந்து பார்க்கிறார்.

"மாமி, திறந்தா சூடு போயிடுமே."

"விசிலே அடிக்காத குக்கரை எப்படிடா நம்பறது?" என்னிடம் சொல்லிவிட்டு மாமாவிடம் திரும்புகிறார். "உலகமே சூடாறதுங்கறேள். இந்த ஒரு ஆழாக்கு அரிசி சூடாக மாட்டேங்கறதே!"

மாமா விழுந்து விழுந்து சிரிக்கிறார். அப்போது கீழே அடுக்களையில் விசில் அடிக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று காஸிலும் ஒரு குக்கர் ஏற்றிவிட்டுத்தான் மாமி மாடிக்கு வந்திருக்கிறார்.

இப்போது எங்கள் தெருவில் மாடிக்கு மாடி சூரியத் தகடுகள். மாமாவும் இல்லை, மாமியும் இல்லை. அந்தத் தகடுகளைப் பார்க்கும்போதெல்லாம், கீழே எங்கேயாவது ஒரு விசில் கேட்காதா என்றிருக்கிறது.